மேசைக்கு மேலே, மேசைக்குக் கீழே

டமார்!

செங்கலடிச் சந்தியே ஒருதரம் குலுங்கியது. வாசிகசாலையில் நடந்துகொண்டிருந்த சிறுகதை வகுப்பு, கண்மூடித் திறப்பதற்குள் சிதறிவிட்டது. கதிரைகள் கவிழ்ந்து கிடந்தன.

தான் எங்கே போனான் என்று நிலோஜனுக்கே தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பாய்ந்தான். மூக்கு சிமெந்துத் தரையில் இடித்தபோதுதான் பெரிய மேசைக்குக் கீழே கிடப்பது புரிந்தது. அடுத்த கணம் ஒரு கை வந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தது. பிடியா அது? களப்பு நண்டு கவ்வினாற்போல!

"ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல! பதுளை பஸ்சுக்கு டயர் வெடிச்சிட்டு!" என்று வீதியில் யாரோ கத்தினார்கள்.

கை விலகியது. நிலோஜன் கண்ணைத் திறந்து, மூக்கைத் தடவிக்கொண்டு வெளியே வந்தான். வகுப்பு நடத்தும் தக்ஷாயினி சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு பீறிட்டது. அது ஒவ்வொருவராகத் தொற்றி, கடைசியில் கூரைத் தகரமும் சேர்ந்து சிரிப்பதுபோல் இருந்தது.

நிலோஜன் மட்டும் சிரிக்கவில்லை. சந்தியில் மோட்டார்சைக்கிள் திருத்தும் அவனுக்குக் கதை எழுதும் ஆசை துளியும் கிடையாது. சனிக்கிழமை தவறாமல் அவன் வருவது தக்ஷாயினியைப் பார்க்க. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. இன்று தெரிந்தாக வேண்டும். இந்தப் பக்கத்தில் பெண்வீட்டார்தான் வெற்றிலைத் தட்டோடு போய் மாப்பிள்ளை கேட்பது. அவளுடைய சித்தி புஸ்பம் இதே வகுப்பில்தான் இருக்கிறாள். வகுப்பு முடிந்ததும் நேரே கல்முனைக்குப் போய், அங்கே தக்ஷாயினிக்கு ஒரு மாப்பிள்ளையைக் கேட்கப் போகிறாள். அதற்கான தட்டு அவளுடைய பைக்குள் தயாராக இருந்தது. பையின் வாயால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெற்றிலைக் காம்புகளை நிலோஜன் காலையிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தான்.

"இண்டைக்குக் கண்ணோட்டம் படிப்பிக்க இருந்தனான். பஸ் எனக்கு முந்திட்டு," என்றாள் தக்ஷாயினி. "களப்பு ஒண்டுதான். கிழக்கால எழுவான்கரையில நிண்டா சூரியன் அதுக்குள்ள விழுகுது. மேற்கால படுவான்கரையில நிண்டா அதே களப்புக்குள்ள இருந்து எழும்புது. ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல. இப்ப நடந்தத ஆளாளுக்குச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சத மட்டும். மற்றாக்கள்ர மனசுக்குள்ள நுழையப்படாது."

புஸ்பம் முந்திக்கொண்டாள். "டமாரெண்டதும் நான் மேசைக்கு மேல. கடல்தான் திரும்பி வந்திட்டெண்டு நினைச்சன். பக்கத்தில இன்னொராள் ஏறின மாதிரி இருந்திச்சி, திரும்பிப் பாத்தா ஆளில்ல. மறுகா குனிஞ்சு பாத்தன். மஜீட் காக்காட உச்சந்தலை வழுக்கைதான் பளபளத்திச்சி."

"அல்லாவே! அதையும் கதையில போடுவீங்களா?" என்று ஏறாவூர்ப் புடவைக்கடை மஜீட் தலையில் கைவைத்தார்.

"போடலாம் காக்கா. மேல நிக்கிற ஆளுக்குத்தானே அது தெரியும்," என்றாள் தக்ஷாயினி.

விசாரித்துப் பார்த்தால் வகுப்பு சரிபாதியாகப் பிரிந்திருந்தது. சுனாமி பார்த்த கடற்கரைக்காரர் எல்லாம் மேசை, வாங்கு என்று கிடைத்ததன் மேல் ஏறியிருந்தார்கள். ஷெல்லடிக்குப் பழகிய படுவான்கரைக்காரர் எல்லாம் கீழே படுத்திருந்தார்கள். போர் முடிந்து வருடம் ஒன்றாகப் போகிறது. செய்தி இன்னும் முழங்கால்களுக்குப் போய்ச் சேரவில்லை.

"நான் ஏறவுமில்ல, படுக்கவுமில்ல," என்றார் மஜீட். "ஓடிப்போய்க் கதவைப் பூட்டினன். எங்கட ஊர்ப் பழக்கம் அது. கதவுக்கு முதுகக் குடுத்திட்டு நிண்டதால மேலயும் தெரிஞ்ச, கீழயும் தெரிஞ்ச."

"அப்ப நீங்கதான் எல்லாம் அறிஞ்ச கதைசொல்லி."

"எல்லாம் அறிஞ்சவன் எல்லாத்தையும் சொல்லத்தான் வேணுமா டீச்சர்?" மஜீட் தாடியைத் தடவினார்.

தக்ஷாயினி சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கனவே அழித்த இடத்தையே மறுபடி அழித்தாள். "அடுத்தது நிலோஜன்."

"நான் ஒண்டையும் காணல்ல. கண்ண மூடிட்டன்."

வகுப்பு கொல்லென்றது.

"கண்ணுதானே தம்பி மூடின? கை கால் இருந்திச்சித்தானே? அதச் சொல்லு," என்றாள் புஸ்பம்.

"கைதான் சொல்லோணும் மாமி. இந்த மஜீட் காக்கா அத முறிக்கப் பாத்தார்."

"ஆரு, நானா?" மஜீட் துள்ளி எழுந்தார். "நான் கதவடியில நிண்டன் எண்டு இப்பதானே சொன்னன்! ஒன்ட கையப் புடிச்சி எனக்கென்ன லாபம்?"

"அப்ப அது ஆர்ர கை?"

புஸ்பம் எழுந்து வந்து அவனுடைய கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல் தடம். வெள்ளை வெளேரென்று வெண்கட்டித் தூள்.

சிரிப்பு அப்படியே நின்றது. வகுப்பின் எல்லாக் கண்களும் கரும்பலகைக்குப் போயின. தக்ஷாயினி வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நிலோஜனின் காது இரண்டும் பழுத்த மிளகாய் போலாயின. மஜீட் கூரையைப் பார்த்து ஏதோ மெட்டை முணுமுணுத்தார்.

புஸ்பம் தக்ஷாயினியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வெற்றிலைப் பையைப் பார்த்தாள்.

"நீ கடற்கரை நாவலடிப் புள்ள. கடல் வந்த நாளையில இருந்து பட்டாசுச் சத்தத்துக்கும் கதிரையில ஏறுற ஆள். இண்டைக்கு மட்டும் ஏன் புள்ள மேசைக்குக் கீழ போன?"

தக்ஷாயினி நிமிர்ந்தாள்.

"மேலதான் ஏறினன் சித்தி. அங்க நிலோஜனைக் காணல்ல."