முப்பத்தெட்டு ஐந்துகள்

துறைத்தலைவர் மேடம் அந்தத் தாளைத் திருப்பி, எதிரே உட்கார்ந்திருந்த சராசரி சார் பக்கம் நகர்த்தினார். மாணவர் மதிப்பீட்டின் சுருக்கம். பத்துக் கேள்விகள், முப்பத்தெட்டு மாணவர்கள், எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் ஐந்து. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒன்பது வருடமாகப் புள்ளியியல் துறையில் பகுதிநேர விரிவுரையாளர் அவர். மாணவர்கள் வைத்த பெயர் சராசரி சார். ஆண்டுதோறும் கடைசி வேலைநாளில் விடுவித்துவிட்டு, விடுமுறை முடிந்ததும் முன்பின் பார்த்திராத ஆளைப் போல நேர்காணலில் உட்காரவைத்து, மறுபடி எடுத்துக்கொள்வார்கள். இந்த வருடம் அதற்கும் வேட்டு. இரண்டு பகுதிநேர இடங்களுக்கு வந்த நிதி ஒன்றுக்குத்தான் வரப்போகிறது. அவரா, போன வருடம் சேர்ந்த இளைஞரா என்பதை இந்தத் தாள்தான் முடிவு செய்யும்.

“பசங்களுக்கு உங்க மேல என்ன சார் இவ்வளவு கோபம்?” என்றார் மேடம்.

அவர் மறுபடியும் கட்டங்களைப் பார்த்தார். மேடம் பேனாவால் தாளின் தலைப்பைத் தொட்டுக் காட்டினார். ஒன்று என்றால் மிக நன்று, ஐந்து என்றால் மிக மோசம் என்று பொடி எழுத்தில் இருந்தது.

“இந்த வருஷம் படிவத்துல எண்ணையெல்லாம் தலைகீழா மாத்திட்டாங்களே. சுற்றறிக்கை பாக்கலயா?”

சுற்றறிக்கை நிரந்தர ஆசிரியர்களுக்குத்தான் போகும். அது மேடத்துக்கு ஞாபகம் இல்லை, சொல்லிக்காட்ட அவருக்குத் தெம்பும் இல்லை. எண்ணைப் பார்க்கும் முன் அது எதை அளக்கிறது என்று பாருங்கள் என்பதுதான் வருடா வருடம் அவருடைய முதல் வகுப்பு. அப்படிப்பட்ட மனிதர் போன வாரம் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கும்பிடாத குறையாக, “எல்லாரும் அஞ்சு போட்டுடுங்கப்பா, என் பொழப்பே அதுலதான் இருக்கு” என்று கேட்டிருந்தார். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் காது மடல் வரை வெட்கம் சுட்டது. பிள்ளைகள் தலைப்பையெல்லாம் பார்க்கவில்லை. சார் சொன்னால் சரிதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு சுத்தமாக யாரும் செய்திருக்க முடியாது.

நடந்ததைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மாணவர்களிடம் மதிப்பெண் கேட்பவர் உடனே நீக்கப்படுவார் என்ற தாளிலும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காலையில் மனைவி, “இந்த வாட்டியும் இழுபறின்னா பேசாம எங்கண்ணன் கடைக்குப் போயிடுங்க” என்றிருந்தாள். குத்தலாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். மச்சானின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போடும் தன் கைகளை நினைத்துப் பார்த்தார். நாற்பத்தாறு வயதில் வேறு எந்தக் கல்லூரி கூப்பிடப்போகிறது?

“ஒருத்தர் விடாம ஒரே நம்பர். யாரோ தூண்டிவிட்டிருக்காங்க” என்றார் மேடம். “அப்படின்னு தெரிஞ்சா இதை ரத்து பண்ணிட்டு திரும்ப எடுக்கச் சொல்றேன். உங்களுக்காகத்தான் சார். வகுப்புத் தலைவியை வரச் சொல்லியிருக்கேன்.”

அந்தப் பெண் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, புரியும்வரை விடாமல் சந்தேகம் கேட்பவள். மேடம் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“ஏம்மா, எல்லாரும் அஞ்சு போட்டிருக்கீங்க. போடச் சொல்லி யாராவது சொன்னாங்களா?”

அவள் ஒரு கணம் சராசரி சாரைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல், யார் என்று மட்டும் சொல்லாதே என்று அவர் உள்ளுக்குள் கெஞ்சினார்.

“யாரும் சொல்லல மேடம்” என்றாள் அவள், நிமிர்ந்து. “நாங்களா மனசாரப் போட்டோம். அதுக்கு மேல இருந்திருந்தா அதையும் போட்டிருப்போம்.”

மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. “சரி, நீ போ” என்றார். பிறகு அவரைப் பார்க்காமல், “மனசு கஷ்டமாத்தான் இருக்கு. பாத்தேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க சார்” என்று பேனாவை நீட்டினார்.

இனி வாயைத் திறந்தால் அவளும் பொய்க்காரி ஆவாள். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். தாளின் மேல் குனிந்தார். கதவருகே அவள் இன்னும் போகாமல் நின்றாள். மேடத்துக்குத் தெரியாமல், வாய்கொள்ளாச் சிரிப்போடு, சார் ஒருமுறை தன்னை நிமிர்ந்து பார்ப்பதற்காகக் காத்திருந்தாள்.