முள் எண்பதில் நின்றது

வீடு மாற்றுவது என்றாலே எனக்குப் பயம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் தன் சரக்கு வேனில் அடைத்து, பீரோவை அதன் மேலே ஏற்றிக் கயிறு கட்டினார். அது போதாதென்று எங்கள் மகளையும் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். "அம்மாகூட கார்ல வா" என்றால் குட்டி கேட்டாளா? அப்பன் வண்டி என்றால் அவளுக்கு உயிர். காரில் எனக்குத் துணை என் நாத்தனார். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்த பட்டன் கிடையாது.

கிளம்பும்போதே கண்டிப்பாகச் சொன்னேன். "நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க. ரெண்டு வண்டியிலயும் முள் எண்பதுல நிக்கணும். ஒரு இஞ்ச் கூடக்கூடாது."

"உத்தரவு மகாராணி" என்றார் அவர். சொன்னால் சொன்னபடி நடக்கிற மனுஷன், அதை மறுக்க மாட்டேன்.

நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு கண்ணாடியில் பார்த்தேன். தூரத்தில் சின்னதாகத் தெரிந்த வேன் பக்கத்தில் வந்திருந்தது. என் முள்ளைப் பார்த்தேன், எண்பது. மறுபடி கண்ணாடி. வேனின் முகம் கண்ணாடி முழுக்க நின்றது.

"உன் அண்ணனுக்கு என்ன கேடு? முட்டிடுவார் போலிருக்கே!"

"நீங்க ஆமை மாதிரி போறீங்கன்னு நினைச்சிருப்பார் அண்ணி" என்று சிரித்தாள் ரேடியோ.

அவர் ஹாரன் அடித்துவிட்டு என்னை முந்தினார். வேன் என் பக்கமாக நகர்ந்து போனபோது ஜன்னலில் குட்டி தெரிந்தாள். நான் முறைத்த முறைப்பில், கட்டை விரல்களை மடக்கிக்கொண்டு எட்டு விரல்களைக் காட்டினாள். எண்பதுதான் அம்மா, என்கிறாள். குட்டிக்குப் பொய் சொல்ல வராது.

அப்போதுதான் அவளுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்த டயர் என் கண்ணில் பட்டது. புது டயர், போன வாரம் மாட்டியது. பழைய சைஸ் கடையில் இல்லை என்று ரெண்டு மூன்று சைஸ் பெரிதாக மாட்டி வந்து, "வண்டி எப்படி நிமிர்ந்து நிக்குது பாரு" என்று என்னை வாசலுக்கு இழுத்துக் காட்டினார். நானும் நல்லாயிருக்கு என்றேன்.

ரேடியோ பக்கம் திரும்பினேன்.

"ஏய், உன் ஃபோன் மேப்ல நம்ம வேகம் எவ்வளவு காட்டுது?"

"எழுபத்தெட்டு அண்ணி."

"நம்ம மீட்டர் சரியாத்தான் இருக்கு. அப்போ உன் அண்ணன் தொண்ணூறு கிட்டப் போறார்டீ. அவருக்கே தெரியாது!"

"எப்படித் தெரியாம இருக்கும்?"

"குட்டி சைக்கிள் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா எவ்வளவு தூரம் போகும், உன் சைக்கிள் சக்கரம் எவ்வளவு போகும்? மீட்டர் சுத்தைத்தான் எண்ணுது, சக்கரம் பெருசானது அதுக்கு எங்க தெரியும்? ஊருக்குள்ள முப்பதுல போறப்போ மூணு நாலு தப்பினா யாருக்குத் தெரியும்? வேகம் ஏற ஏறத் தப்பும் ஏறுது."

ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. முன்னால் மலை இறக்கம் வரப்போகிறது. அதில் ஒரு பெரிய வளைவு, அறுபதுக்கு மேல் போகாதே என்று பலகை வைத்த வளைவு. அவர் பலகையை மதிப்பார். முள்ளை அறுபதில் நிறுத்திக்கொண்டு, பெரிய டயரில் உயர்ந்து நிற்கிற வண்டியில், தலைக்கு மேல் பீரோவோடு, எழுபதுக்குக் கிட்டத்தில் திரும்புவார்.

"ஃபோன் போடு!"

போட்டாள். மறுபடியும் போட்டாள். "எடுக்கலை அண்ணி. ஓட்டும்போது ஃபோனைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு நீங்கதானே சொல்லி வெச்சிருக்கீங்க."

பாவி மனுஷன், என் பேச்சை இன்றைக்காவது மீறக்கூடாதா?

மிதித்தேன். வாழ்நாளில் எண்பதைத் தாண்டாதவள் நான். தொண்ணூறு, நூறு. ஸ்டியரிங் உதறியது. விளக்கை அடித்து அடித்து அணைத்தேன், ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? நான் விளையாடுகிறேன் என்று நினைத்து, பாம் பாம் என்று பதிலுக்கு அடித்தார்.

இறக்கம் வந்தது. அவருடைய பிரேக் விளக்கு எரிந்தது, பிறகு அணைந்தது. முள் அறுபதுக்கு வந்துவிட்டது போல.

வேன் வளைவுக்குள் போனது. போனபடியே சாய்ந்தது. உள்பக்கச் சக்கரங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. "ஐயோ குட்டி!" என்று நான் கத்தியது எனக்கே கேட்டது. கயிறு அறுந்து பீரோ ரோட்டில் விழுந்து உருண்டது. நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். கார் வழுக்கிக்கொண்டு போய் பீரோவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பாரம் குறைந்த வேன் தடால் என்று நாலு சக்கரத்திலும் விழுந்து, தடுப்புக் கம்பியில் உரசி நின்றுவிட்டது. அந்தக் கம்பிக்கு அப்பால் மரங்களின் தலை மட்டும்தான் தெரிந்தது.

செருப்பு எங்கே போனதோ, ஓடினேன். அவர் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "அறுபதுலதான்டீ வந்தேன். சத்தியமா அறுபதுலதான் வந்தேன்."

அவரைத் தள்ளிவிட்டு குட்டியை வாரி எடுத்தேன். தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவள் உதடு துடித்தது.

"அப்பாவைத் திட்டாதம்மா. நான் ரோட்டைப் பார்க்கணும், முள்ளை நீ பார்த்துக்கோன்னு என்கிட்டதான் சொன்னார். நான் கண்ணைக்கூட எடுக்கலம்மா. முள் கோட்டைத் தாண்டவே இல்ல." என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "நான் சரியாப் பார்க்கலையாம்மா?"

"சரியாத்தான் பார்த்தே குட்டி, முள்தான் பொய் சொல்லிச்சு" என்றேன். அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.