சுரங்கத்து மரம்

"தலைய கொஞ்சம் தூக்கிப் புடி, கங்கா" என்றாள் பாப்பம்மா.

தம்பி பொண்டாட்டி கங்கம்மா பிடிக்கவில்லை. செத்த புருஷனின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பாப்பம்மாவே ராஜப்பாவின் தலையை இடது கையில் தாங்கிக்கொண்டாள். உறவுக்காரர்கள் புறங்கையால் எண்ணெயும் சீயக்காயும் பேருக்கு வைத்துவிட்டு நகர்ந்திருந்தார்கள். கூடப் பிறந்தவளால் அப்படி முடியவில்லை. காதுக்குப் பின்னால் உறைந்திருந்த ரத்தத்தை விரல்விட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

தட்டி வீட்டுக்கு வெளியே அவள் புருஷன் தாமோதரன் கத்திக்கொண்டிருந்தான்.

"இரும்புக் குண்டால அடிச்சிக் கொன்னுட்டானுங்கடா! ஏசுபாதம் ஆளுங்க! இன்னும் நின்னுகினு இன்னாடா பாக்கறீங்க?"

"அவனக் கடையோட வச்சி கொளுத்தணும்!"

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் கடைத்தெருவில் எதிரெதிரே இரண்டு கடைகள். கோதாவில் உடம்பு வளர்க்கிறவர்களுக்குத் தாமோதரன் கர்லாக்கட்டை கடைந்து விற்றான். போன வருஷம் சர்க்கஸ்காரன் ஒருவன் வந்து இரும்பைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அதிலிருந்து பிள்ளைகளுக்குக் கட்டை கசந்துவிட்டது. ஏசுபாதம் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகளை வார்த்து அடுக்கினான். பழைய கட்டையைக் கொண்டுவந்தால் குண்டு விலையில் குறைத்துக்கொள்வதாகச் சொன்னான். வந்த கட்டைகளையெல்லாம் தெருவில் போட்டு எரித்து, "இன்னா தாமோதரா, நல்லாத்தான் எரியுது. இன்னும் நாலு கடஞ்சி அனுப்பு" என்று சிரித்தான்.

தாமோதரனும் விலையை இறக்கினான். எப்படி இறக்க முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. புதுக் கட்டைகள் முன்னைவிடக் கறுப்பு, முன்னைவிடக் கனம்.

அன்று காலை கடைவாசலில் ராஜப்பா கட்டை சுழற்றிக் காட்டினான். அக்கா புருஷனுக்காக அவன் எப்போதும் செய்வதுதான். "பொம்பள கையி உலக்கடா அது!" என்று எதிர்க்கடை ஆட்கள் கூவ, கட்டையோடு பாய்ந்துவிட்டான். கல் பறந்தது, குண்டு பறந்தது, ஒரே புழுதி. அடங்கும்போது தாமோதரன் மடியில் அவன் தலை கிடந்தது.

பாப்பம்மாவின் விரலில் ஏதோ குத்தியது. நகத்தால் கவ்வி இழுத்தாள். நீளமான மரச் சிராய். கழுவினாள். ரத்தம் போயும் கறுப்பு போகவில்லை. முகர்ந்தாள். ஷிப்ட் முடிந்து வருகிற தம்பியின் துணியில் அடிக்கும் அதே ஊறல் நாற்றம்.

சுரங்கத்தில் பாறைக்கு மரமுட்டுக் கொடுக்கிற வேலை ராஜப்பாவுக்கு. பொங்கலுக்கு முன்னால் இதே வீட்டில் சோறு தின்றுகொண்டு கேட்டான்.

"மாமா, சொரங்க லெவல்ல புடுங்கிப் போட்ட முட்டு மரத்த வாங்கினியாமே?"

"வாங்கினா இன்னா?"

"தண்ணியில ஊறின மரம் மாமா. உள்ள இருக்கற வரிக்கும்தான் இரும்பு மாரி இருக்கும். மேல வந்து காஞ்சா உள்ளுக்குள்ளயே வெடிச்சிடும். அதுல கட்ட கடயாத. எவன் மண்டையாச்சும் போயிடும்."

"அடப் போடா. அது அடுப்புக்கு. கட்டையெல்லாம் கருவேலம்."

பாப்பம்மா சிராயோடு வெளியே வந்தாள். தாமோதரன் சாக்கிலிருந்து புதுக் கட்டைகளை எடுத்து ஆள் ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, தம்பி சுத்தின கட்ட எங்க?"

"உள்ள போ. பொணத்தப் பாரு."

"எங்கன்னு கேக்கறேன்."

"சண்டையில எவன் எட்த்தானோ."

"அவன் வுழுந்ததும் நீதான மாமா மொதல்ல அவங்கிட்ட ஓட்ன? கட்டைய நீ பாக்கல?" என்றான் துரை, கோதாவில் மூத்தவன். பிறகு அவளிடம், "நகரு யக்கா. அவன முடிச்சிட்டு வந்து ராஜப்பாவத் தூக்கறோம்."

"அந்தக் கட்டைய குடு."

"நீயும் வரியா?" யாரோ சிரித்தார்கள்.

துரையின் கையிலிருந்து பிடுங்கி, வாசல் உரலின் விளிம்பில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். கழுத்து முறிந்து, கட்டையின் தலை துரையின் காலடிக்கு உருண்டது. உள்ளெல்லாம் வெடிப்பு, கரி மாதிரி கறுப்பு.

முறிந்த இடத்தின் மேல் சிராயை வைத்தாள். "இது அவன் மண்டையில இருந்துச்சி. குண்டு இல்ல, அவன் சுத்தின கட்டதான் மொறிஞ்சி அவன அடிச்சிருக்கு."

துரை குனிந்து முகர்ந்தான். சுரங்கத்துக்குப் போகிறவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கருவேலம்னியே மாமா?"

"அவன் வெலைய எறக்கினான்டா! நான் இன்னா பண்றது? கடைய மூடிட்டுப் போவச் சொல்றியா?"

முதல் உதை வயிற்றில் விழுந்தது. அப்புறம் அவன் கொடுத்த கட்டைகளாலேயே அடித்தார்கள். முறிந்த கட்டைகளை வீசிவிட்டுக் கையாலும் காலாலும் அடித்தார்கள். பல் தெறித்தது. வலது கை, முழங்கைக்குக் கீழே, மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது.

"பாப்பா! சொல்லுடி! கொல்றானுங்க!"

பாப்பம்மா உள்ளே போய், தம்பியின் தலையில் மிச்சமிருந்த சீயக்காயை அலசினாள். காதுக்குள் தண்ணீர் போகாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.

"போதும்டா, தூக்க நேரமாச்சி" என்று வெளியே யாரோ சொன்னார்கள். துரை ரத்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தான்.

பறைச் சத்தம் தூரமாய்ப் போனது. பிணம் போனபின் வீட்டைக் கழுவிவிட வேண்டும். பாப்பம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உள்மூலையிலிருந்து விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே வந்தாள். வாசற்படியின் குறுக்கே தாமோதரன் கிடந்தான். ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது.

"பாப்பா" என்றான்.

"கால எடு" என்றாள்.

அவன் கால்களை மெல்ல மடக்கினான். அந்த இடத்தையும் தேய்த்துக் கழுவி, தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளினாள்.