ஐந்தும் மூன்றும்

மூன்றாவது சிவப்பு இழையையும் மேல்பக்கமே வரைந்து முடித்தேன். இத்தனை வருடம் சரியாக வரைந்தே பழகிய கை, தெரிந்தே தப்பாக வரையச் சொன்னால் கொஞ்சமாவது முரண்டு பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். சமர்த்தாக வரைந்தது. மேலே மூன்று சிவப்பு, இரண்டு நீலம். கீழே ஒரு சிவப்பு, இரண்டு நீலம். பார்த்தவுடன் தெரியாது, நிறம் கண்ணைப் பறித்துவிடும். எண்ணுகிறவர்களுக்குத்தான் தெரியும். நோட்டுக் கட்டைத் தவிர என் அண்ணன் எதையும் எண்ணியதில்லை.

பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற பாடப்படங்கள்தான் எங்கள் குடும்பத் தொழில். அப்பா கடை போட்டார், நான் வரைந்தேன், அண்ணன் விற்றான். கண், காது, தவளையின் வயிறு எல்லாம் என் கையால் வந்தவை. அப்பா போனதும் அண்ணன் சாவிக்கொத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு, "உன்னைத்தான் நல்ல இடத்துல கட்டிக் குடுத்தாச்சே, இன்னும் எதுக்கு பாப்பா கடைக் கவலை?" என்றான். நாற்பது வயதிலும் நான் அவனுக்குப் பாப்பாதான், பங்கு கேட்கத் தெரியாத பாப்பா. அடுத்த அச்சிலேயே படங்களின் கீழ்மூலையில் இருந்த என் பெயர் போய் அவன் பெயர் வந்திருந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

அதற்குப் பிறகு நான் வேறு பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே வரைய ஆரம்பித்தேன். அண்ணன் தங்கையைப் பார்க்கிற சாக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். என் மேஜைக்குப் பக்கத்தில்தான் உட்காருவான். காபி கேட்பான். நான் அடுக்களைக்குள் போனதும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்வான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு தடவை இதயம் வரைந்து காயவைத்திருந்தபோது அதன்மேல் ஒரு சொட்டுக் காபி சிந்திவிட்டது. வேறு தாளில் திருப்பி வரைந்து கொடுத்தேன். ஆனால் அண்ணன் கடையில் அச்சான இதயத்தில் அந்தச் சொட்டு அப்படியே இருந்தது, பழுப்பு நிறத்தில், அழகாக ஓரம் கட்டப்பட்டு. அவனுடைய கணினிக்காரப் பையன் அதையும் ஓர் உறுப்பு என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்போதுதான் யோசனையும் வந்தது.

கல்வி அலுவலகம் எல்லாப் பள்ளிகளுக்கும் செல் பிரிதல் படம் கேட்டிருக்கிறது, புது அளவில், புதிதாக வரைந்து தரவேண்டும் என்று அண்ணிதான் வாய்தவறிச் சொன்னாள். கடையில் வரைய ஆளில்லை. ஆகவே அண்ணன் எங்கே வருவான் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் படத்தை வரைய எனக்கு எப்போதும் பிடிக்கும். பிரிவதற்கு முன்னால் செல் தன்னிடம் இருக்கிற டிஎன்ஏ முழுவதையும் ஒன்றுவிடாமல் படியெடுக்கிறது. முறுக்கிய ஏணியை நடுவில் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் எதிரே ஒரு புதுப் பாதியைக் கட்டுகிறது. கட்டும்போதே சரிபார்ப்பும் நடக்கிறது. தப்பான கண்ணி விழுந்தால், அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சரியானது வைக்கப்படும். அப்புறம்தான் குரோமோசோம்கள் நடுவில் வந்து வரிசையில் நிற்கின்றன. ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு இழைகளைப் புத்தகத்தில் சகோதரி இழைகள் என்று சொல்லியிருக்கும். ஒன்றை இந்தப் பக்கம் இழுத்தால் மற்றது அந்தப் பக்கம் போகும். இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் என்று இரண்டு பக்கமும் நான்குக்கு நான்கு, யாருக்கும் குறைவில்லை. பாகம் பிரிப்பதில் இவ்வளவு நாணயத்தை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். வாயெல்லாம் பல்.

"என்ன பாப்பா, ஒரே கலரா இருக்கு? யாருக்கு இது?"

"சும்மா வரைஞ்சேன். காபி குடிக்கிறியாண்ணே?"

"குடேன். சக்கரை தூக்கலா."

பாலைப் பொங்கவிட்டு, அடக்கி, மறுபடியும் பொங்கவிட்டேன். நிதானமாக எடுக்கட்டும், ஓரம்கூட விட்டுப்போகக் கூடாது என்று இருந்தது எனக்கு.

அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கும்போது யாராவது எண்ணுவார்கள், நாலு பேர் நடுவில் மூக்குடைபட்டு வருவான் என்று காத்திருந்தேன். வந்தது அண்ணியின் அழைப்புதான். ஆர்டர் கிடைத்துவிட்டதாம், ரொம்பப் பளிச்சென்று இருக்கிறது என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். கைபேசியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அவன் வீட்டில் இனிப்பு சாப்பிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டமாதிரி இருந்தது.

படம் ஊரெல்லாம் சுவரேறியது. ஒரு நாள் என் மகள் தேர்வுத்தாளை மேஜையில் வீசிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். செல் பிரிதல் வரைந்திருந்தாள், மேலே நான்கு, கீழே நான்கு. படத்தின்மேல் மிஸ் போட்ட குறுக்குக்கோடு. 'வகுப்பிலுள்ள படத்தில் இருப்பதுபோல் வரையவும்' என்று எழுதியிருந்தது.

"மிஸ்கிட்ட சொன்னேம்மா, நாலுதான் வரணும்னு. 'அச்சடிச்சவங்களைவிட உனக்குத் தெரியுமா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க."

அவளுக்குச் செல் பிரிவதைச் சொல்லிக் கொடுத்தவள் நான். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கமும் சுற்றிச் சுற்றி அண்ணன்மேல் கோபமாகவேதான் போய் நின்றது. தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

பின்னறையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தவணை. முன்னறை மேஜையில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"எண்ணுண்ணே" என்றேன்.

"என்னத்தை?"

"மேல எத்தனை, கீழ எத்தனை?"

விரலை வைத்து எண்ணினான். மறுபடியும் எண்ணினான். முகத்தில் ஈயாடவில்லை.

"பாப்பா... வேணும்னே பண்ணியிருக்கே நீ."

"நான் என்ன பண்ணினேன்? இது உன் படம். கீழ உன் பேருதானே போட்டிருக்கு?"

"உன் மேஜை மேல இருந்த..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு. என் மேஜை மேல இருந்ததை நீ எப்பண்ணே பாத்தே? நான் காபி போடப் போனப்பவா?"

இத்தனை வருடமாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நிறைய வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. அவன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழுந்து போய், அலமாரியைத் துழாவி, ஒரு தூரிகையும் வெள்ளை, சிவப்புப் புட்டிகளும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். குரல் இறங்கிவிட்டது.

"வெளிய தெரிஞ்சா கடையை மூட வேண்டியதுதான். நீயே சரி பண்ணிக் குடும்மா. மேல இருக்கற ஒண்ணை அழிச்சுட்டுக் கீழ போட்டா முடிஞ்சது. புதுசா அடிச்சு எல்லாப் பள்ளிக்கும் மாத்திடறேன். அப்பா கடை இது."

"இப்பதான் அது அப்பா கடையா?"

மகளின் தாளை விரித்து, அந்தக் குறுக்குக்கோடு அவன் கண்ணில் படும்படி படத்தின் பக்கத்தில் வைத்தேன். தூரிகையை வெள்ளையில் தோய்த்தேன். அவன் மூச்சு விட்டான். மேலே இருக்கிற சிவப்பு இழைக்குத்தான் கை போகும் என்று நினைத்திருப்பான். நான் குனிந்து கீழ்மூலைக்குப் போனேன். அவன் பெயர் சின்னப் பெயர்தான், இரண்டு இழுப்பில் மறைந்துவிட்டது.

"ஏய்" என்றான்.

தூரிகையைப் புட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவசரமில்லை எனக்கு. மூலையில் வெள்ளை ஈரமாகப் பளபளத்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை. பின்னறையில் தாள் மேல் தாளாக வந்து விழுந்துகொண்டிருந்தது, மேலே ஐந்து, கீழே மூன்று.