கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஹால்

1

இந்தக் கதை எனக்கு மழையில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல நாள் யோசித்து எழுதியது என்று நீங்கள் நினைத்துக்கொண்டால், பிறகு திருத்த எனக்கு மனசு வராது.

ஏற்காட்டில் கோடை விழாவின் கடைசி நாள். மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு (பூவைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்த்தேன்) பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பஸ் கிளம்ப நேரம் இருந்ததால் வெளியே நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக ஒரு பர்னிச்சர் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே பீரோக்களும் இரும்புக் கட்டில்களும் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. ஆனால் வாசலை ஒட்டி, பெரிய கண்ணாடிக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய வீட்டு ஹால் இருந்தது. சோபா, கம்பளம், மஞ்சள் விளக்கு, திரைச்சீலை, சுவரில் ஒரு பழைய போட்டோ. என்னையறியாமல் செருப்பைக் கழற்றினேன். சோபாவில் ஒரு துண்டு கிடந்தது. அதை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

[பொய். இன்னும் கொஞ்சம் தெரியும். கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்மேல் இருக்கிற மரியாதை போய்விடும்.]

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு:

"மலையைப் பனி போர்த்தியிருந்த அந்தக் காலையில் ஷஹீதா" — வேண்டாம். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். அங்கே பீரோ விற்கிறவர்களுக்குப் பனி என்றால் துரு, கதவு உப்பல், அவ்வளவுதான்.

"சையத் இப்ராஹிமுக்குத் தன் மகள் செய்கிற எதுவுமே" — இதுவும் வேண்டாம். அப்பாவில் தொடங்கினால் கதையை அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படிப்பட்ட ஆள்.

"ஷஹீதா சுவரில் ஓர் ஆணி அடித்தாள்."

இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

3

ஷஹீதா சுவரில் ஓர் ஆணி அடித்தாள். ஆணியில் எதையும் மாட்டவில்லை.

அவள் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஷோரூமில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். அங்கே சோபாவைச் சோபாவாக விற்கமாட்டார்கள். ஒரு ஹாலையே அமைத்து, அதற்குள் சோபாவை வைப்பார்கள். வருகிறவர்கள் உட்கார்ந்து, காலை நீட்டி, தங்கள் வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, கடைசியில் விளக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வித்தையை அப்பாவின், அவள் வாயில் அத்தாவின், கடையில் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையோடுதான் அவள் ஊருக்குத் திரும்பினாள்.

"முன்னாடி பத்தடி மட்டும் எனக்குக் குடுங்க அத்தா."

"பீரோ வாங்க வர்றவன் பீரோவத் தொறந்து பார்ப்பான். ஹாலை எப்படிச் சாமி தொறந்து பார்க்கறது?" என்றார் சையத் இப்ராஹிம்.

அப்படிக் கேட்டாரே தவிர, மறுக்கவில்லை. கோடை விழா முடிகிற அன்று சாயங்காலம் வரைக்கும் பத்தடி அவளுடையது. அதற்குள் அந்த ஹால் முழுசாக விற்றால், இனி கடையின் முன்பக்கம் என்றைக்கும் அவள் பொறுப்பு. விற்காவிட்டால் அந்த இடத்தில் சிக்கந்தர் மாமா சாக்லேட் கடை போடுவார். ஏற்காட்டில் சாக்லேட் விற்காமல் தேங்கியதாகச் சரித்திரமே இல்லை.

ஷஹீதா ஒரு மாதம் இழைத்தாள். சில்வர் ஓக் சட்டத்தில் சோபா, அதற்குக் காய்ந்த ஏலக்காய் நிறத்தில் உறை. பிடுங்கிப்போட்ட காபிச் செடியின் வேர்க்கட்டைகளைக் கழுவி, மெழுகு தேய்த்து, டீப்பாய்க்குக் கால் ஆக்கினாள். டியூப் லைட் போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று அதை அணைத்துவிட்டு, மூலையில் உயரமான விளக்கு ஒன்றை நிறுத்தினாள். திரைச்சீலையை மூன்று தடவை மாற்றினாள். திரைச்சீலைக்குப் பின்னால் ஜன்னல் கிடையாது, வெறும் சுவர்தான். ஆனால் விளக்கைப் போட்டதும், வெளியே ஒரு தோட்டம் இருக்கிறது என்று யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள். நானே நம்பினேன்.

மிச்சம் இருந்தது அந்த ஆணி. அவள் வீட்டு ஹாலில் மக்கா படம் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் மாதா படம். தலைச்சோலைப் பக்கம் போனால் முருகன், இல்லாவிட்டால் சேர்வராயன். எதை மாட்டினாலும் மற்றவர்கள் "இது நம்ம ஊடு இல்லை" என்று நகர்ந்துவிடுவார்கள். எதையும் மாட்டாவிட்டால் எல்லோருக்கும் பொது. இந்த ஊர்க் கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கே தோன்றக்கூடிய புத்திசாலித்தனம். தப்பும் அதுதான்.*

(* ஒரு கடிகாரம் மாட்டியிருக்கலாமே என்கிறீர்கள். மாட்டினாள். வந்தவர்கள் அதைப் பார்த்ததும் பஸ் நேரம் ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கே கழற்றினாள்.)

4

யாரும் உட்காரவில்லை.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். சிலர் போட்டோ எடுத்தார்கள். உள்ளே வந்தவர்கள் கம்பளத்தின் ஓரத்தில் செருப்பை விட்டுவிட்டு, அந்நியர் வீட்டுக்கு வந்தவர்கள் போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங்க, இது யாரு ஊடுங்க?"

"யாரு ஊடும் இல்லைங்க. விக்கறதுக்குங்க. உக்காருங்க."

"இல்லைங்க, பரவால்லைங்க," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் பீரோவைத் திறந்து பார்த்தார்கள். ஷஹீதாவுக்கு அழுகையாக வந்தது. அத்தாவின் முன்னால் அழக் கூடாது என்பதற்காக, தூசியே இல்லாத டீப்பாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விழா தொடங்கிய அன்று பாவாயி வந்தாள்.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. பாவாயியை ஏழை ஆக்கி, வாங்க வழியில்லாமல் கண்ணாடிக்கு வெளியே ஏங்கவிட்டால், நீங்கள் உடனே இரங்கிவிடுவீர்கள். எனக்கும் வேலை சுலபம். ஆனால் அவள் வாங்கத்தான் வந்தாள். அதனால் அந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டேன்.]

தலைச்சோலையில் பாவாயிக்கும் அவள் கணவர் சித்தனுக்கும் சொந்தத்தில் காபியும் மிளகும் இருந்தன. புதிதாக வீடு கட்டியிருந்தார்கள். அதில் ஹால் என்று ஒன்று வந்திருந்தது. இத்தனை வருடம் ஒரே அறையில் எல்லாம் நடந்தவர்களுக்கு, ஹாலில் என்ன செய்வது என்று புரியவில்லை. இப்போதைக்கு மிளகு மூட்டை கிடக்கிறதாம்.

பாவாயி வந்ததும் நேரே போய்த் திரைச்சீலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவர்.

"அட, இதுவும் சும்மாதானா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததை ஷஹீதா கவனித்தாள். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

பிறகு பாவாயி காலைத் துடைத்துக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்தாள். முதல் ஆள். கையால் உறையைத் தடவினாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"நொம்ப நல்லாருக்குது கண்ணு. அந்த ஆணியில என்னத்த மாட்டோணும்?"

"உங்க இஷ்டம்தானுங்க. உங்களுக்குப் பிடிச்சத மாட்டிக்கலாம்."

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் கண்ணு இங்க வர்றேன்?"

பாவாயி அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தாள். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து அந்த வெறும் ஆணியையே பார்த்துவிட்டுப் போனாள்.

5

சனிக்கிழமை பாவாயி துண்டில் சுற்றிய எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். பிரித்தாள். கல்யாணமான புதிதில் சேலத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த போட்டோ. நாற்காலியில் சித்தன், பக்கத்தில் பாவாயி. பின்னால் ஒரு பிரமாதமான ஹால். பெரிய திரைச்சீலை, பூச்சாடி, மேலே ஏறிப் போகும் மாடிப்படி. எல்லாம் துணியில் வரைந்தது.

"அப்ப எனக்கு அது துணின்னு தெரியாது கண்ணு. போட்டோக்காரரு ஊடு இம்புட்டுப் பெருசான்னு, அந்தப் படியில ஏறலாம்னு கைய வெச்சேன். துணி ஆடிப்போச்சு! போட்டோக்காரரு சிரிச்சுப்புட்டாரு. எங்கூட்டுக்காரரும் சேந்து சிரிச்சாரு. பாரு, அவரு பல்லக் காட்டிட்டு இருக்காரு. நான் மொறச்சிட்டு இருக்கேன்."

உண்மைதான். போட்டோவில் இருபது வயதுப் பாவாயி உலகத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இந்தத் தடவ துணி இல்லைன்னு அவரு உக்காந்து பார்க்கோணும்."

அவளே ஸ்டூலில் ஏறிப் போட்டோவை ஆணியில் மாட்டினாள். ஷஹீதா இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். ஒரு மாதம் இழைத்தும் வராத ஏதோ ஒன்று அந்த அறைக்குள் வந்துவிட்டது.

"நாளைக்கு அஞ்சு மணி பஸ்ஸுல அவரக் கூட்டிட்டு வர்றேன். சரின்னாருன்னா எல்லாத்தையும் எடுத்துக்கறோம். அது வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்." பாவாயி துண்டை உதறி, சோபாவில் ஒரு பக்கமாக விரித்துப் போட்டாள். "பஸ்ஸுல இடம் போடறாப்புல வெச்சுக்க கண்ணு."

பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போட்ட துண்டுக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும். ஆள் வரும் வரை அந்த இடம் அவருடையது. எந்தப் பத்திரப் பதிவும் அதற்கு ஈடாகாது. ஷஹீதா சரி என்று தலையாட்டினாள்.

6

ஞாயிற்றுக்கிழமை கடையே மாறிப்போயிற்று. ஆட்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளே வந்தார்கள். "யாருங்க இந்தம்மா, இப்படி மொறைக்கறாங்க?" என்று கேட்டார்கள். ஷஹீதா கதையைச் சொன்னாள். துண்டைத் தொடாமல், அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார்கள். மத்தியானம் சையத் இப்ராஹிமே டீ கிளாஸோடு வந்து அங்கே உட்கார்ந்தார்.

"ஏஞ்சாமி, யாரோ ஊட்டுக்கு விருந்து வந்த மாதிரி இருக்குது," என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

ஆனாலும் யாரும் வாங்கவில்லை. நான்கு மணிக்குச் சிக்கந்தர் மாமா வந்து, கண்ணாடியை டேப் வைத்து அளக்கத் தொடங்கினார்.

நாலே காலுக்குக் கிறிஸ்துதாஸ் வந்தார். கிளியூர்ப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர். [இவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இப்படி எழுதிவிட்டு ஒருவரைக் கதைக்குள் விடுவது நியாயமில்லை, தெரியும்.] வந்தவர் துண்டை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஷஹீதா பாவாயியின் கதையைச் சொன்னாள். முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நொம்ப அருமைம்மா. எல்லாத்தையும் இப்பவே எடுத்துக்கறேன். அந்தப் போட்டோவோட."

"அது விக்கறது இல்லைங்க. அவங்க வர்றாங்க."

"போட்டோ இல்லாட்டி இது வெறும் சோபாதானே? வேற ஒரு படத்த அவங்க எடுத்துக்க மாட்டாங்களா?"

சிக்கந்தர் மாமாவின் டேப் 'சர்'ரென்று சுருண்டது. சையத் இப்ராஹிம் கல்லாவிலிருந்து மகளையே பார்த்தார். இவருக்குச் சரி என்று சொன்னால் முன்பக்கம் என்றைக்கும் ஷஹீதாவுடையது. பாவாயி வராமல் போகலாம். வந்தாலும் சித்தன் மறுபடி சிரிக்கலாம். ஷஹீதா போட்டோவைப் பார்த்தாள். அந்த முறைப்பு இப்போது நேராக அவளைத்தான் முறைத்தது.

"அஞ்சு மணி பஸ் வந்துரட்டுமுங்க," என்றாள்.

7

முடிவுகள்:

அ. பஸ் வருகிறது. சித்தன் இறங்குகிறார். சோபாவில் உட்கார்ந்து, கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "துணி இல்லை" என்கி — இது நான் ஆசைப்படுகிற முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

ஆ. பஸ் வருகிறது. பாவாயி மட்டும் இறங்குகிறாள். போட்டோவைக் கழற்றித் துண்டில் சுற்றுகிறாள். ஒரு வார்த்தையும் — இல்லை. அவள் பேசாமல் போகிறவள் இல்லை.

இ. பஸ் வரவில்லை. ஆறு மணிக்கு ஷஹீதா ஸ்டூலில் ஏறி

ஏறட்டும். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

8

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். கிறிஸ்துதாஸ் என்று யாரும் இல்லை. துண்டை நகர்த்தியவன் நான் என்று முதல் பகுதியிலேயே எழுதிவிட்டேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள். டீ கொடுத்து, கதையைச் சொல்லி, "அந்தத் துண்டு அவங்க போட்டதுங்க" என்று ஷஹீதா சொன்ன பிறகும், போட்டோவோடு விலைக்குக் கேட்டவன் நான்தான். என் எழுத்து மேஜைக்கு எதிரே மாட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் அந்த ஒரு வரியைத்தான் சொன்னாள்: "அஞ்சு மணி பஸ் வந்துரட்டுமுங்க." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். துண்டைப் பழைய இடத்தில் போடக்கூடத் தோன்றவில்லை.

சேலம் பஸ் நிரம்பியிருந்தது. ஆனால் எனக்கு இடம் இருந்தது. கடைக்குள் ஒதுங்குவதற்கு முன்பே ஜன்னல் வழியாக என் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தேன். நான் வரும்வரை அதை யாரும் தொடவில்லை.

பஸ் திரும்பும்போது தலைச்சோலை பஸ் உள்ளே வந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைப்பதற்குள் நாங்கள் வளைவைத் தாண்டிவிட்டோம். யார் இறங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியாது. போட்டோவை விலைக்குத் தரவில்லை என்றதும், இப்படிக் கதையாக எழுதி எடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் தெரிகிறது. பாவாயியை அதற்கும் நான் கேட்கவில்லை.

அதனால் என்னால் ஆனது: துண்டை எடுத்து, உதறி, சோபாவில் அவள் போட்ட பக்கத்திலேயே மறுபடி விரித்திருக்கிறேன். போட்டோ ஆணியில் இருக்கிறது. மணி ஐந்தாகப் போகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். இந்தப் பக்கம் இடம் காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். ஷஹீதா டீ கொண்டு வருவாள். பஸ் வந்ததும், யார் இறங்குகிறார்கள் என்று கண்ணாடி வழியாக நீங்களே பாருங்கள்.