செல்லச்சாமி மாமா போட்ட மொய்

என் மனைவி லோஜினி எம்.பி. ஆன நாளிலிருந்து கண்டி மஹய்யாவவில் எனக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது. எம்.பி.யோட புருஷன், அவ்வளவுதான். வருடக்கணக்காக இதே ஊர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவன் நான். யுகேஷ் என்று எனக்கும் ஒரு பெயர் வைத்துத்தான் வளர்த்தார்கள்.

அவள் தேர்தலுக்கு நின்றபோது நோட்டீஸ் அடிக்கக்கூட எங்களிடம் காசு கிடையாது. மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். வருகிற மொய் முழுக்கத் தேர்தலுக்குத்தான் என்று சொல்லியே எல்லாரையும் அழைத்தோம், ஒளிவுமறைவு இல்லை. ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, லோஜினி பிறந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து, ஜனங்கள் லொறி பிடித்து வந்தார்கள். நூறு, இருநூறு என்று மைக்கில் வாசித்துக்கொண்டே போனார்கள். நடுவில் ஒரு பெயர் வந்தது.

"கெலிஓயா செல்லச்சாமி முதலாளி, அஞ்சு லட்சம்!"

மண்டபமே கைதட்டியது. லோஜினிக்கு முகம் வெளுத்துவிட்டது.

செல்லச்சாமி மாமா சொந்தக்காரர் இல்லை. லோஜினியின் அம்மா இருந்த அதே லயத்தில் பிறந்து, சின்ன வயதில் கெலிஓயாவுக்கு ஓடிப்போய், ஒரு ஹாட்வெயார் கடையில் மூட்டை தூக்கி, கடைசியில் அந்தக் கடையையே வாங்கியவர். லோஜினி டீச்சர் படிப்புப் படித்தபோது பஸ் காசு கொடுத்தவரும் அவர்தான். நல்ல மனுசன். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்!

தேர்தல் முடிந்ததும் லோஜினி யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகக் கணக்குக் காட்டினாள். மாமாவின் பெயரும் அதில் இருந்தது. சட்டத்துக்கு அது போதும். மொய்க்குப் போதாது. மொய்யை, போட்டவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிப் போட வேண்டும். அதுவும் கொஞ்சம் கூட்டித்தான் போட வேண்டும், அப்போதுதான் உறவு தொடரும். வாங்கியதை அச்சொட்டாகத் திருப்பிப் போட்டால் கணக்கு முடிந்தது, இனி உன் சங்காத்தம் வேண்டாம் என்று ஊர் முன்னால் சொன்ன மாதிரி.

போன மாதம் மாமா, தன் மகள் பிரேமிளாவின் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"நம்ம தோட்டத்து மேல்மலை சும்மா காடாத்தானே கெடக்கு மகளே. அதுல ஹோட்டல் கட்டலாம்னு நாங்க நாலு பேரு கேட்டிருக்கோம். கல்யாணத்துக்கு மறுநாள் கச்சேரியில நடக்கிற கவர்மெண்டு காணிக் கூட்டத்துல அது வருது."

லோஜினி வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ எனக்காகப் பேச வேணாம்மா. சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பதுதான் அவளுக்கு வராது. அவள் மேடையில் பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான்: தோட்டத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு கட்டப் பத்துப் பேர்ச்சஸ் காணி, கையில் உறுதிப் பத்திரத்தோடு. கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. அந்தக் காணிக்கு அவள் கைகாட்டிய இடம் இதே மேல்மலை. அவள் அம்மா கொழுந்து பறித்த மலை அது. கண்ணை மூடும்வரை ஒழுகுகிற ஒற்றை அறை லயக் காம்பராவில் இருந்தவர் அந்த அம்மா.

மாமா போனதும் நான் சொன்னேன், "நீ பாட்டுக்குப் பேசு. அவரா வந்து வாயப் பொத்தப் போறாரு?"

"அவர் காசு தொண்டையில நிக்கிறப்ப எப்படிங்க பேசுவேன்? பேசினா நன்றி கெட்டவ. பேசாட்டி அந்தச் சனத்துக்குத் துரோகி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திருப்பிக் குடுத்துருவோம். சரியா அஞ்சு லட்சம். மேல ஒரு ரூபா வேணாம்."

"எங்கேருந்து?"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே என் ஆட்டோ நின்றது.

எனக்கு வந்ததே கோபம்! "எம்.பி. நீயா, நானா? என் ஆட்டோவ எதுக்குடி பாக்குற?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் டீவியைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை.

அந்த வாரம் ஹேவாஹெட்டைக்கு ஒரு ஹயர் சவாரி கிடைத்தது. திரும்புகிற வழியில் அந்த லயத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கினேன். பாலம்மா அக்கா, மொய்யாக நூறு ரூபாய் போட்டவர், தேத்தண்ணியோடு வந்தார். கூரையைப் பார்த்துப் பார்த்து, ஒழுகாத மூலையில் என்னை உட்கார வைத்தார்.

"ஏன் தம்பி, எங்க மொய்ய எப்பத் திருப்பப் போறா ஒம் பொண்டாட்டி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "காசா வேணாம்னு சொல்லு. காணியாக் குடுக்கச் சொல்லு."

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஐந்து இலட்சத்தை நினைத்து நினைத்து, இந்த நூறு ரூபாயும் மொய்தான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

மறுநாள் ஸ்டாண்டில் கூட ஓட்டுகிற பவாஸிடம் ஆட்டோவை விற்றுச் சாவியைக் கொடுத்தேன். "பைத்தியமா மச்சான்?" என்றான். "ஆமா" என்றேன். லீசிங் கடன் பாக்கியைக் கட்டியது போகக் கையில் ஐந்து இலட்சமும் சில்லறையும் மிஞ்சியது. லோஜினியிடம் நீட்டியபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

கல்யாணத்தன்று மொய் மேசையில் நான்தான் பணக்கட்டை வைத்தேன்.

"மஹய்யாவ யுகேஷ் லோஜினி, அஞ்சு லட்சம்!"

இந்த முறை கைதட்டல் இல்லை. காதுகுத்துக்கு வந்தவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியும். மாமா பந்தியை விட்டுவிட்டு நேராக எங்களிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மனுசன் முகம் வாடிப்போய் வந்தார்.

"ஒரு ரூபா கூடப் போட மனசு வரலியாம்மா ஒனக்கு?"

"அந்த ஒரு ரூபாய்க்குத்தான் மாமா பயந்தேன்," என்றாள் லோஜினி. "நாளைக்குப் பேசப் போறேன்."

அவர் பந்திக்குத் திரும்பிப் போனார். சாப்பிட்டோம் என்று பெயர் பண்ணிவிட்டு வெளியே வந்தோம். கெலிஓயாவில் இருந்து கண்டிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம், பட்டுச் சேலையும் எம்.பி.யுமாக.

மறுநாள் அவள் கச்சேரி அலுவலகத்துக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன். சாய்ந்து நிற்க ஆட்டோகூட இல்லாமல் நிற்பது எனக்குப் புதுசு. மத்தியானம் வெளியே வந்தாள்.

"பேசிட்டேங்க. இன்னும் முடிவு எடுக்கல. ஹோட்டலுக்கு இப்பக் குடுக்கிறதில்லன்னு நிப்பாட்டி வச்சிருக்காங்க."

அப்போது போன் அடித்தது. மாமா. அவள் போனை என்னிடம் நீட்டினாள்; நான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"பேசிட்டியாமே?"

"ஆமா மாமா."

"எத்தன பேர்ச்சஸ் கேட்ட?"

"பத்து."

மாமா தொண்டையைச் செருமினார்.

"எனக்குக் கோவம் இன்னும் போகல. போகவும் போகாது. அந்தப் பய ஆட்டோவ வித்துட்டானாமே, முட்டாப் பய. நேத்து என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல." மறுபடி செருமிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம பொண்ணு மாப்பிள்ளைக்கு விருந்து. புள்ளையவும் கூட்டிக்கிட்டு வாங்க. வெறுங்கையோட வரணும். கையில ஒத்த ரூபா இருந்தாலும் வாசல்லயே நிப்பாட்டிருவேன்!"

போனை வைத்துவிட்டார். லோஜினி கச்சேரி வாசலில், நடுத்தெருவில், ஓவென்று அழுதாள். எம்.பி. அழுகிறாள் என்று நாலு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே! நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.