ஹால் வழியாகப் போன காங்கிரீட்

கலவை மிஷினைத் தெருவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, மேஸ்திரி துலுக்காணம் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"உள்ள போவ வழியில்லம்மே மேரி. தளத்த வேற ஒரு நாளைக்குப் போட்டுக்கலாம்."

 நேற்றுவரை செங்கல், மணல், கம்பி எல்லாம் பக்கத்துக் காலி மனை வழியாகத்தான் வந்தன. விடிந்து பார்த்தால் மனைக்காரர் பரசுராமன் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறார். மனை பார்க்க ஆள் வருகிறதாம்.

"வண்டி ஏறி ஏறி குழியா கெடந்தா எவன்மா வாங்குவான்? உனுக்கு ஊடு கட்டணும், எனுக்கு மனை விக்கணும்" என்றார். அதில் பொய்யொன்றும் இல்லை.

புருஷன் விட்டுப் போனதிலிருந்து மேரி தம்பி எபினேசர் வீட்டு ஹாலில்தான் படுக்கிறாள். தம்பி ரோலிங் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தால் பாயைச் சுருட்ட வேண்டும். அவன் பெண்டாட்டி ஸ்நேகாவைப் பார்க்க யாராவது வந்தாலும் சுருட்ட வேண்டும். பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரை எத்தனையோ பேர் தலைக்கு மேல் தளம் போட்ட சித்தாள் அவள். தன் கையால் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. அதனால்தான் தம்பி வீட்டுப் பின்பக்கம், ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, ஒரு பாத்ரூம் என்று சின்னதாக ஒரு வீடு. சுவர் எழுந்து, பலகை அடித்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. தளம் மட்டும்தான் பாக்கி.

பழவேற்காட்டுப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

"இன்னிக்கு ஆளு கலைஞ்சா தீபாவளி கழிச்சுதான் வருவாங்க மேஸ்திரி. அதுக்குள்ள மழை புட்சிக்கும். பலகையெல்லாம் வளைஞ்சிடும். ஊட்டுப் பக்கத்துச் சந்து வழியா தூக்கிரலாமே?"

"சந்துல ஒராளுக்குத்தான் எடம். தலையில பாண்டுச் சட்டி தூக்கினு ஒருத்தி வந்தா, எதுக்க வர்றவ பல்லி மாதிரி சொவத்துல ஒட்டிக்கணும். பாதியில நின்னு நின்னு போட்ட தளம் ஒழுவும். உனுக்குத் தெரியாததா?"

தெரியும். மேரி கறுத்த வானத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

நைட் ஷிப்ட் முடித்து இரும்புத் தூசியோடு வந்த எபினேசர் தலையைச் சொறிந்தான். "பொங்கலுக்கு அப்பால பாத்துக்கலாமாக்கா?"

"இன்னாத்துக்குப் பொங்கலு? நம்மூட்டு மாடிப்படி இன்னா செத்தா போச்சு?"

ஸ்நேகா வாசலில் நின்றிருந்தாள்.

"ஹால் வழியா ஏறி, மொட்டமாடில நடந்து, பலகை போட்டு அந்தூட்டு மேல போங்க. காலி பாண்டோட ஏணில எறங்கி சந்து வழியா வெளிய வாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவே வேணாம்."

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்த ஹாலில் புது வெள்ளை டைல்ஸ். ஈரக்காலோடு யாராவது மிதித்தால் ஸ்நேகா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்.

"நானே இத சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் துலுக்காணம்.

"டைல்ஸு பாழாயிடும்மா" என்றாள் மேரி.

"ஆவட்டும். நீ அந்தாண்ட போனாத்தான், அண்ணி, இந்த ஹால் எனுக்கு. எத்தினி வருஷம்தான் சவுண்டே இல்லாம சீரியல் பாக்கறது?"

கூட்டம் சிரித்தது. மேரியும் சிரித்தாள். உள்ளதைத்தானே சொல்கிறாள்.

யார் வீட்டுக் காதுகுத்துக்கோ வைத்த பிளக்ஸ் பேனரைக் கொண்டுவந்து ஹாலில் விரித்தார்கள். எபினேசர் ஜெபம் பண்ணினான். துலுக்காணம் எலுமிச்சம்பழத்தின் மேல் கற்பூரம் ஏற்றினார். "ரெண்டு எடத்துலயும் சொல்லி வெப்போம்."

மிஷின் உறுமியது. காங்கிரீட் ஹாலுக்குள் நுழைந்து, படியேறி, மொட்டைமாடியைக் கடந்து, பலகை மேல் ஆடிக்கொண்டே போய் மேரியின் கம்பிகள் மேல் விழுந்தது. துடைப்பத்தோடு நின்ற ஸ்நேகா, சிந்தியவர்களையெல்லாம் பெயர் சொல்லித் திட்டினாள். மேரி சும்மாடு கட்டினாள்.

"அத எறக்கு! ஊட்டுக்கார அம்மா பாண்டு தூக்குனா நாங்க இன்னாத்துக்கு?" என்று அதட்டினாள் கூட வேலை செய்கிற கங்கம்மாள். "பிரியாணிய பாரு. லெக் பீஸு இல்லன்னா தளம் பாதியிலயே நிக்கும்!"

ஊர் ஊராகப் போய் வீட்டுக்காரர்களிடம் மேரி சொல்லிவந்த வசனம் அது. இப்போது அவளை நோக்கியே வருகிறது. அவள் சும்மாடை இறக்காமலே ஒரு பாண்டைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கடைசிப் பாண்டு கொட்டி, மேல்பூச்சு இறுகி, தார்ப்பாய் மூடியபோதுதான் முதல் தூறல் விழுந்தது. எபினேசர் பிகில் அடித்தான். எல்லாரும் ஹாலிலேயே உட்கார்ந்தார்கள். பிரியாணி வந்தது. ஒரு தட்டு முள்கம்பிக்கு மேலாகப் பரசுராமனுக்கும் போனது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

"இன்னா ஹவுஸ் ஓனரம்மா, பீஸு இம்மாத்தூண்டு இருக்குது?" என்றாள் கங்கம்மாள்.

மேரி இடுப்பில் கை வைத்தாள். எத்தனை வீட்டுக்காரர்களிடம் கேட்டிருப்பாள், அந்த அதட்டல் குரல் தானாக வந்தது.

"துன்றதுக்கு மட்டும் வாய் நீளுது! அந்த மூலையில மட்டம் சரியில்ல, அத எவன் பாக்கறது?"

சிரிப்பில் ஹால் அதிர்ந்தது.